விற்க முடியாத விதை

ஒரு பல்கலைக்கழகம் நாட்டுக்கு என்ன தருகிறது என்று கேட்டால், பட்டதாரிகளைத் தருகிறது என்போம். அது பாதி பதில்தான். மீதியைப் பார்க்க, குளத்தூர்ப் பக்கம் கொல்லையில் விளையும் உளுந்திலிருந்து தொடங்கலாம்.

உளுந்துக்குப் பெரிய எதிரி மஞ்சள் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். இலை மஞ்சளாகி, காய் சரியாகப் பிடிக்காது. இதைத் தாங்கும் ரகங்கள் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தில் உருவானவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் மையம் அது. என் சித்தப்பாவுக்கு இந்தப் பெயர்களெல்லாம் வேண்டியதில்லை. "வம்பன் எட்டு போட்டா தேமல் அவ்வளவா தாக்காதுப்பா, எழுவது நாள்ல எடுத்துரலாம்" என்பார்.

ஒரு ரகம் சும்மா வந்துவிடாது. இரண்டு செடிகளை ஒட்டுச் சேர்க்க வேண்டும், தலைமுறை தலைமுறையாகப் பொறுக்க வேண்டும், பல ஊர்களில் போட்டுப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் யாரோ சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். லாபம் பார்க்கும் கம்பெனி இதற்கு ஏன் வரப்போகிறது? உளுந்து தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். விளைந்ததில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம், பங்காளிக்கும் இரண்டு படி கொடுக்கலாம். 2001ஆம் ஆண்டு உழவர் உரிமைச் சட்டமும் அதை அனுமதிக்கிறது. ஒருமுறை விற்றால் வியாபாரம் முடிந்தது.

நான் படித்தது பொறியியல். வேறெங்கோ உருவான கருவிகளைக் கையாளக் கற்றுக்கொண்டேன்; அதற்குத்தான் இன்றும் சம்பளம். இளக்காரமாகச் சொல்லவில்லை, வீட்டுக் கடனை அடைத்தது அந்தப் படிப்புதான். தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22இல் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. பெருமைப்படலாம். ஆனால் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், தென்கொரியா 4 சதவீதத்துக்கும் மேல். கையாளத் தெரிந்தவர்களை நிறைய உருவாக்கிவிட்டோம். உருவாக்குகிறவர்களுக்குத்தான் பணமில்லை என்கிறோம்.

பல்கலைக்கழகங்கள் தங்கள் செலவைத் தாங்களே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்ற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. என் அலுவலக நண்பர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். நியாயம் போலத்தான் தெரிகிறது, எதை ஆராய்வார்கள் என்று யோசிக்கும்வரை. வீரிய மக்காச்சோளத்துக்கு ஆள் கிடைப்பார்கள். அதற்கு வருடாவருடம் புது விதை வாங்கியாக வேண்டும். மானாவாரி உளுந்துக்கு யார் வருவார்கள்?