பூட்டனின் பத்திரம்

குலவழி தேடுவோர்க்குக் கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்திலே ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் உண்டு. காணியும் குடும்பமும் அவற்றிற் சேர்ந்தே பதிவாகியுள்ளன. காணியற்றவன் எங்கே தேடுவான்?

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளனுக்கும் ஏடுகள் இருந்தன. செக்றோலில் அவன் வேலைநாள் ஏறியது. 'துண்டு' எனப்பட்ட சீட்டில் அவன் கடன் ஏறியது. 1921இல் துண்டுமுறை ஒழியும்வரை, அக்கடனைத் தீர்க்காமல் அவன் வேறு தோட்டம் செல்லல் அரிது. கடனை இத்துணை கவனமாய் எழுதியோர், பிறப்பைப் பலவேளை எழுதாதே விட்டனர்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமோ பிறப்பையே கேட்டது. தந்தை இலங்கையிற் பிறந்தவரா? அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களா? சான்று யாது? வசதியுள்ளோர்க்குப் பொழுதுபோக்கான வம்ச ஆராய்ச்சி, இவனுக்கு வாழ்வுரிமையின் நிபந்தனையாயிற்று. (அச்சட்டத்திற்குக் கையுயர்த்திய கனவான்களுள் எத்தனைபேர் தம் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டியிருப்பரோ!)

பதிவில்லாதவன் பிறவாதவனா? ஏட்டின் மௌனத்தை மனிதனின் குற்றமாக்கியதே இங்கு நடந்த அநீதி. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கு வழிதிறக்க அரைநூற்றாண்டு சென்றது.

இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் பழைய ஏடுகளைப் புரட்டுகின்றனர். புரட்டட்டும், எவர் நலனுக்காக எழுதப்பட்டவை என்று கேட்டே நாம் அவற்றை வாசிப்போம். மன்னார்ப் பாதையில் நடந்துவந்த கதையைக் கூறும் பாட்டி இன்னும் எங்கேனும் ஒரு லயத்தில் இருப்பாளாயின், முதலில் அவளிடம் போவோம்.