பாலகனின் ஹக்கும் வியாபாரியின் பொறுப்பும்



பிறந்த சிசுவுக்கு வாய் திறந்து கேட்கத் தெரியாது. அழ மட்டுமே தெரியும். அதற்காக அல்லாஹு தஆலாவே திருமறையில் பேசுகிறான். பூரணமாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு முழு வருஷங்கள் தவணை என்று சூரத்துல் பகராவின் 233-ஆம் ஆயத்து கூறுகிறது. அந்தத் தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது தகப்பன் மீது கடமை என்றும் அதே ஆயத்து விதிக்கிறது. பால் தாயிடம், பாரம் தகப்பனிடம். மூஸா நபி (அலை) அவர்களின் தாயாருக்கு வந்த கட்டளையைப் பாருங்கள். பிர்அவ்னின் வாள் வாசலில் நின்றபோதும், ஆற்றில் விடு என்பதற்கு முன்னால் பால் கொடு என்பதே வந்தது.

நம் வீடுகளில் நடப்பதென்ன? பிறந்த இரண்டாம் நாள் குழந்தை அழுதால், "பால் பற்றவில்லை" என்று தீர்ப்பாகிவிடுகிறது. சீனித்தண்ணீர், வசம்பு, தேன், கடைசியில் புட்டி! முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் சில கரண்டிதான். அந்தச் சின்ன வயிற்றுக்கு அதுவே போதும். நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டி வந்தால் சப்புவது குறையும், பாலும் குறையும். பிறகு பற்றாக்குறை மெய்யாகிவிடும்.

பால் குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்யுங்கள். சிறிது கக்குவது வழக்கமே. மாலை நேர அழுகை ஆறாவது வாரமளவில் உச்சமாகி, மூன்று நான்கு மாதங்களில் தணியும். முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டியதில்லை. தேனில் நிவாரணம் உண்டென்பது மறை வாக்கு. எனினும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுக்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிஞ்சுக் குடலில் பெருகி நஞ்சாகும். தஹ்னீக்குக்கும் தேன் வேண்டாம்.

சகோதரர்களே! பங்சாரிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வைத்திருக்கும் நமக்கு இதில் தனிப்பங்கு உண்டு. 1939-ஆம் ஆண்டில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். "பாலும் கொலையும்" என்பது அவர் பேச்சின் தலைப்பு. தாதியர் போல் உடுத்திய பெண்களை வீடுகளுக்கு அனுப்பி, தாய்ப்பாலை நிறுத்தச் செய்து, இனிப்புக் கெட்டிப்பால் டின்களை விற்றதால் சிசுக்கள் மடிந்ததை அவர் அஞ்சாமல் சொன்னார். 1981-இல் உலக சுகாதார சபை இத்தகைய விற்பனை விளம்பரங்களுக்கு வரம்பு விதித்தது. இன்று நம் அலமாரியிலுள்ள இனிப்பு டின்களில் பல, செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் கலந்த கிரீமரே. தேநீருக்கு அது ஆகும், தொட்டிலுக்கு ஆகாது.

ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள்; உள்ளே ஈரம் இருந்தது. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கண்டித்தார்கள். ஆகவே, குழந்தைக்கென்று ஒருவர் கிரீமர் டின் கேட்டால், "இது குழந்தைக்கு ஆகாது" என்று சொல்லிவிடுவது நம் மீது கடமை. ஒரு டின் லாபம் போனால் போகட்டும்.

தாய் நோயுற்றோ, வேறு காரணத்தாலோ டாக்டர் பால்மாவு கொடுக்கச் சொன்னால் அதில் குற்றமில்லை. ஆனால் அளவு குறையாமல், கொதித்த நீரில், சுத்தமாகக் கலக்க வேண்டும். விலையை அஞ்சி நீர்க்கக் கரைப்பது குழந்தையைப் பட்டினி போடுவதாகும்.

பச்சையாக வாந்தி எடுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், காய்ச்சல் வந்தாலும், பால் குடிக்க மறுத்துத் துவண்டாலும், சிறுநீர் குறைந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். கடையைச் சாத்திவிட்டுச் செல்லுங்கள். பிள்ளை பெற்றவளின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனியுங்கள். பாலூட்டும் தாய்க்கு அவசியம் நேர்ந்தால் ரமலான் நோன்பையே பிற்படுத்த ஷரீஅத் இடம் தந்திருக்க, வீட்டு வேலையைப் பிற்படுத்த நாம் இடம் தரலாகாதா?

நம் சந்ததிகளுக்கு ஆரோக்கியத்தையும், நம் வியாபாரத்தில் பரக்கத்தையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.