நெய் விழுந்த இலை

பந்தி வஞ்சனை என்று நம்மிடையே ஒரு சொல் உண்டு. ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவன் இலையில் நெய்யும் அடுத்தவன் இலையில் வெறும் பருப்பும் விழுவது. பாவம் பரிமாறுகிறவனைச் சேரும் என்பதில் பாட்டிமார்களுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் நெய் விழுந்த இலைக்காரன் என்ன செய்ய வேண்டும்? அவன் கேட்டு வாங்கியதல்ல. ஒதுக்கி வைத்தால் வீட்டுக்காரருக்கு அவமரியாதை. பக்கத்து இலைக்குத் தள்ள முடியாது, எச்சில். சாப்பிட்டாலோ பக்கத்தில் இருப்பவன் கண்ணைத் தவிர்க்க வேண்டியிருக்கிறது. இவன் விஷயத்தில் வழக்கு மௌனமாக இருந்துவிடுகிறது.

சென்ற வருஷம் நானும் என் நண்பனும் பாரிஸ் போய்வந்தோம். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நான் வங்கியில் குமாஸ்தா. மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அங்கே முதல் கொசுறு பெத்தி பலேயில் கிடைத்தது. 1900-ஆம் வருஷத்து உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய மாளிகை, இப்போது நகராட்சியின் அருங்காட்சியகம். டிக்கெட்டுக்காகப் பர்ஸைத் திறந்தபோது, நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க யாருக்குமே கட்டணம் கிடையாது என்றார்கள். உள்ளே செஸான் 1899-இல் வரைந்த வொல்லாரின் உருவப்படம். அதற்காகத் தான் 115 முறை அசையாமல் உட்கார்ந்ததாக வொல்லார் எழுதிவைத்திருக்கிறார். அந்த மனிதர் பட்ட அவஸ்தையை நாங்கள் காசில்லாமல், சாவகாசமாக நின்று பார்த்தோம். மிச்சமான பணத்துக்குக் காபி குடித்தோம். எந்த உறுத்தலும் இல்லை. எல்லா இலையிலும் நெய் விழுந்திருந்தது. ஆகவே, உழைக்காமல் கிடைப்பதாலேயே ஒரு சுகம் குற்றமாகிவிடுகிறது என்ற வாதம் என்னிடம் செல்லாது.

திரும்பும்போது இரவு விமானம். வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், முன்பகுதிக்கான போர்டிங் பாஸை நீட்டினாள். பின்பகுதியில் இருக்கிற இடத்துக்கு மேல் விற்றிருந்தார்கள். சிலரை முன்னே ஏற்றினால்தான் கணக்கு நேராகும். நண்பனுக்குப் பழைய இடமேதான். டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கியிருந்தோம். அவனுக்கு மாற்றித் தரலாமா என்று கேட்டேன். முடியாது என்றாள். முடியாது என்பாள் என்று தெரிந்துதான் கேட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நண்பன் சிரித்தான். "போய்ப் படுடா. ரெண்டு பேர்ல ஒருத்தனாவது காலை நீட்டட்டும்" என்றான்.

இடத்துக்கு மேல் விற்பது விமானத் தொழிலின் பழைய பழக்கம். வாங்கியவர்களில் சிலர் வராமல் போவார்கள் என்ற நம்பிக்கை. எல்லோரும் வந்துவிட்டால் யாரை இறக்குவது? இடத்தை விட்டுக்கொடுக்க என்ன விலை வேண்டும் என்று பயணிகளிடமே கேட்கலாம் என்று ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1968-இல் யோசனை சொன்னார். பத்து வருஷம் கழித்து, 1978-இல், அமெரிக்காவில் அது நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் 261-ஆம் எண் விதியை இயற்றியபோது இன்னும் விஸ்தாரமாக யோசித்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து 3500 கிலோமீட்டருக்கு மேல் போகிறவனை ஏற்றாமல் விட்டால் 600 யூரோ. அதே தூரத்துக்கு மேல் வகுப்பில் வாங்கியவனைக் கீழே உட்கார வைத்தால் டிக்கெட் விலையில் 75 சதவீதம். மேலே ஏற்றப்பட்டவனுக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது: அவனிடம் அதிகப்படியாக எதுவும் வசூலிக்கக் கூடாது. அவ்வளவுதான். நெய்க்குக் காசு கேட்காதே என்று பரிமாறுகிறவனிடம் சொல்லியாகிவிட்டது. இலைக்காரனைப் பற்றிச் சட்டத்துக்கும் அக்கறை இல்லை.

படுக்கையாக விரியும் இருக்கையில் உட்கார்ந்த ஐந்து நிமிஷத்துக்குள் எனக்குள் ஒரு காரியம் நடந்தது. எனக்கு ஏன் கிடைத்தது என்பதற்குக் காரணம் தேட ஆரம்பித்தேன். டிக்கெட் வாங்கும்போது உறுப்பினர் படிவத்தைப் பொறுமையாக நிரப்பியவன் நான். நண்பன் அலுத்துக்கொண்டு விட்டுவிட்டான். நான் இரண்டு நாள் முந்தி வாங்கினேன். இப்படியாக, திரைச்சீலை மூடுவதற்குள் நான் தகுதியுள்ளவனாகிவிட்டேன். வங்கியில் யாருடையது என்று தெரியாத தொகை வந்தால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். உடையவன் யாரென்று தெரிகிற வரைக்கும் அது அங்கேயே கிடக்கும். சொந்த விஷயத்தில் மட்டும் அந்த ஒழுங்கு எங்கே போயிற்றோ, உடனே என் பெயருக்கு வரவு வைத்துக்கொண்டேன்.

அதிர்ஷ்டத்துக்கும் அறத்துக்கும் உள்ள உறவைப் பற்றி பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-இல் ஒரே தலைப்பில் கட்டுரை எழுதினார்கள். ஓவியத்துக்காகக் குடும்பத்தை விட்டுப்போகிற கோகன், குழந்தையை மோதிவிடுகிற லாரிக்காரன் என்று அவர்கள் காட்டுகிறவர்கள் ஏதோ ஒன்றைச் செய்கிறார்கள், அதன் விளைவு அவர்கள் கையில் இல்லை. நான் ஒன்றுமே செய்யவில்லை, உட்கார்ந்திருந்தேன். அதனால் நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.

நன்றாகத் தூங்கினேன். பீங்கான் தட்டில் சாப்பாடு, துணிக் கைக்குட்டை, கால் நீட்டி ஐந்து மணி நேரத் தூக்கம். என் வாழ்நாளில் ஆகாயத்தில் நான் சுகமாக இருந்தது அந்த ஒரு இரவுதான்.

அடுத்த விமானத்தில் இருவருக்கும் பின்னால் பக்கத்துப் பக்கத்து இடம். நண்பனின் கண்கள் சிவந்திருந்தன. அவனுக்கும் ஒரு பெரியவருக்கும் நடுவே யாரோ ஒருவருடைய குழந்தை இரவு முழுவதும் அழுதிருக்கிறது. அதைச் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சரி, அங்க எப்படி இருந்துது? ஒண்ணுவிடாம சொல்லு" என்றான். குரலில் பொறாமை இல்லை. ஊருக்குப் போய்வந்தவனிடம் கேட்கிற ஆவல்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெரிசா ஒண்ணும் இல்லடா. படுக்கை குறுகல். சரியாத் தூக்கமே வரல." பையில் இருந்த, அங்கே கொடுத்த காலுறையையும் பல் துலக்கும் பிரஷையும் எடுத்து அவனிடம் நீட்டினேன்.

விருந்தில் நெய் விழுந்தவன், சாம்பாரில் உப்புக் குறைச்சல் என்று உரக்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். தன் அதிர்ஷ்டத்தைச் சற்று இறக்கிக் காட்டுகிற தந்திரம் அது. இதை நாம் பண்பு என்று அழைக்கிறோம், நானும் அப்படித்தான் அழைத்துவந்தேன். ஆனால் என் பொய்க்குள் ஒரு கணிப்பு இருந்தது: இவனால் என் சுகத்தைத் தாங்க முடியாது. பதினைந்து வருஷப் பழக்கத்தில் அப்படி நினைக்க அவன் எனக்கு ஒரு காரணமும் கொடுத்ததில்லை. இருக்கை ஆள்பெயருக்கு உரியது, மாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதைப் பற்றிய பேச்சு அப்படியல்ல. அவன் கேட்டதும் அதை மட்டும்தான். அதைப் பரிமாறுகிற கரண்டி என் கையில் இருந்தது.

போன மாதம் நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தபோது பாரிஸ் பேச்சு வந்தது. நண்பன்தான் சொன்னான், எனக்காக வருத்தப்பட்டு: "இவன் ராசியைப் பாரு, படுக்கையே கொடுத்தும் பாவம் தூங்க முடியல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.