முறியும் அலகும் பயிலும் கையும்

நல்லது இன்னது என அறிந்தவன் அவ்வறிவினாலேயே நல்லவனாகி விடுகின்றானா? அன்றி, நல்லன செய்து பழகியவனே நல்லவனாகின்றானா? ஒழுக்கவியலில் மிகப் பழைய வினா இது. இதனை நூலகத்திலன்றி, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்கு அண்மையிலுள்ள சிறு நகைப் பட்டறையொன்றில், முறிந்த வாளலகுகளின் நடுவேயிருந்து சிந்திக்கும் வாய்ப்பு விடுமுறைக் காலமொன்றில் எனக்குக் கிட்டியது.

தகட்டில் உருவங்களை அறுத்தெடுக்கப் பொற்கொல்லர் பயன்படுத்தும் வாள் எளிய கருவியே. ஒரு பக்கம் திறந்த இரும்புச் சட்டம். அதன் இரு முனைகளுக்கும் இடையே திருகாணிகளால் இறுக்கப்பட்ட, ஏறக்குறைய 5 அங்குல நீளமான, நூல் போன்ற உருக்கு அலகு. அலகின் பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழ்முகமாக நிற்றல் வேண்டும். கீழே இழுக்கும்போதே அது அறுக்கும். சட்டத்தை மேசை விளிம்பில் நெஞ்சால் அழுத்திச் சற்றே வளைத்து அலகைப் பூட்டிப் பின் விட்டால், அலகு விறைத்து நிற்கும். சுண்டினால் தந்திபோல் ஒலிக்கும். தகட்டின் தடிப்பினுள் இரண்டு மூன்று பற்களாவது அடங்குமாறு அலகைத் தெரிதல் வேண்டும். பற்கள் பெரியனவாயின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். தேன்மெழுகு சிறிது பூசினால் அலகு தடையின்றி ஓடும்.

இவ்விதிகளை நான் அரை மணி நேரத்திற் கற்றுக்கொண்டேன். பிழையின்றி ஒப்புவிக்கவும் என்னால் இயன்றது. ஆயினும், அன்று மாலைக்குள் 12 அலகுகளை முறித்துவிட்டேன். ஒன்றை அறிந்திருத்தலும் ஒன்றைச் செய்ய அறிந்திருத்தலும் வேறுவேறு என ஆங்கில மெய்யியலாளர் கில்பேட் றைல் 1949 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். தேர்வுக்காகப் படித்திருந்த அக்கருத்தின் உண்மையை அன்றுதான் என் விரல்கள் உணர்ந்தன.

அலகுகள் முறிந்தமைக்குக் காரணம் என் கைவலிமைக் குறைவன்று, என் அவசரமே. பத்தர் ஒன்றே ஒன்று சொன்னார்: “தம்பி, நீர் அறுக்க வேண்டாம்; வாள் அறுக்கட்டும்.” வாளை முன்னோக்கித் தள்ளுபவன் அலகை வளைக்கின்றான், வளைந்த அலகு முறிகின்றது. மூலையொன்று வரும்போது முன்னேறும் எண்ணத்தையே கைவிட்டு, நின்ற இடத்திலேயே வாளை மேலுங் கீழுமாக இயக்கிக்கொண்டு, தகட்டை மெல்ல மெல்லத் திருப்புதல் வேண்டும். செய்யாதிருத்தலும் செயலின் ஒரு பகுதியே என்பதை எனக்குக் கற்பித்தது அம்மூலைதான்.

வீடு கட்டியே ஒருவன் கட்டடக் கலைஞனாவது போல, நீதியான செயல்களைச் செய்தே நீதிமானாகின்றான் என்பது அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் இரண்டாம் பகுதியில் நிறுவிய கருத்து. பட்டறை அனுபவம் இதனை அரண் செய்வது போலவே தோன்றுகின்றது. ஆயின், இவ்விடத்தில் ஒரு தடை எழுகின்றது. பயில்பவன் பிழைக்காமற் பயில இயலாது. பட்டறையில் என் பிழைக்கு விலையாக முறிந்தது ஓர் அலகு; அதற்கு மாற்றலகு உண்டு. வாழ்விலோ, புதிதாகக் கற்பிக்க வந்த ஆசிரியனின் பொறுமையின்மை ஒரு பிள்ளையின் மேல் விழுகின்றது. தந்தைமையைப் பழகும் தந்தையின் கடுஞ்சொல் தலைமகனின் மேல் விழுகின்றது. அவன் பின்னர் பொறுமை கற்று இளையவனை அன்பாக வளர்ப்பினும், மூத்தவனின் குழந்தைப் பருவம் மீண்டு வராது. நாம் அறம் பயில்வதற்குப் பிறர் செப்புத் தகடாதல் முறையா?

முறையன்று. எனினும் தப்பவும் வழியில்லை. விதிகளை முற்றக் கற்றபின் வாழத் தொடங்குவோம் என எவரும் காத்திருக்க முடியாது. இத்தடைக்கு முழு விடை காண்பது அரிது. ஆயினும், பட்டறையின் ஒழுங்கிலே பாதி விடை உண்டு. முதலாவது, அங்கு எவரும் பொன்னிற் பயிலத் தொடங்குவதில்லை; செம்பிலே தொடங்குவர். சிறு வாக்குகளைக் காவாதவன் பெரும் பொறுப்புக்களைக் கையேற்றல் தகாது. இரண்டாவது, கீறிய கோட்டின் மேலேயே அறுக்கப் பத்தர் என்னை விடவில்லை. கோட்டுக்குச் சற்றுப் புறத்தே அறுத்து, எஞ்சியதை அரத்தால் ராவச் செய்தார். மிகுந்ததைக் குறைக்கலாம்; குறைந்ததைக் கூட்டலாகாது. மனிதரைப் பற்றித் தீர்ப்புக் கூறும்போதும் தண்டிக்கும்போதும் திருத்துவதற்கு இடம் விட்டே வெட்டுதல் வேண்டும்.

மூன்றாவதொன்றும் உண்டு. முறிந்த அலகுகளை எறிந்துவிடாது, தகர மூடியொன்றில் என் கண்முன்னே இட்டுவைக்கும்படி பத்தர் பணித்தார். அன்று அது எனக்கு நாணத்தைத் தந்தது. எண்ணிக்கையை மறைப்பவன் மூலையில் மீண்டும் அவசரப்படுவான் என்பதனைப் பின்னரே அறிந்தேன். நம்மால் ஊறுபட்டோரை நினைவில் வைத்திருத்தலும், இயலுமாயின் அவர்முன் சென்று பிழையை ஒப்புக்கொள்ளுதலும் அத்தகைய பணியே. அலகுக்கு மாற்றுண்டு, மனிதர்க்கு இல்லை. ஆகவே, அறம் பயில்வோன் கைத்தொழில் பயில்வோனைப் போன்றவன் மட்டுமல்லன், அவனினும் பெரிய கடனாளியுமாவான்.