கலுங்கு உள்ள கண்மாய்



ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்படிப்பு முடிந்து தாங்கலை விட்டு வெளியே வந்தபோது ஒரு தாயார் என்னிடம் வந்தார். அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டும் குடும்பம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நர்சிங் படிக்க இடம் கிடைக்கும். பெண்ணுக்கும் அதில்தான் விருப்பம். ஆனால் நாத்தனார் மகன் டாக்டருக்குப் படிக்கிறான். அதனால் மகளை மதுரையில் விடுதியில் சேர்த்து, இன்னும் ஒரு வருடம் நீட் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். அதற்குக் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கப் போகிறேன் என்றார்.

"பிள்ளை ஆசைப்பட்டதே கிடைக்குதே தாயி, அது போதாதா?" என்று கேட்டேன்.

"போதும்னு உட்கார்ந்தா பிள்ளை எப்படி மேல வரும், அண்ணாச்சி?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் நானும் அதே தப்பைச் செய்தவன். என் மகன் பாலிடெக்னிக் போகிறேன் என்றான். அடுத்த வீட்டுப் பையனைப் பார்த்து, வட்டிக்கு வாங்கி, அவனை இன்ஜினியரிங்கில் சேர்த்தேன். படித்து முடித்தான். ஆனால் என்னிடம் மனம்விட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டான். வட்டிக் கடன் அடைந்து பல வருடம் ஆகிறது. மகனிடம் பட்ட கடன் இன்னும் அடையவில்லை.

ஆனாலும் அந்தத் தாயார் கேட்டது நியாயமான கேள்வி. 'போதும்' என்ற சொல்லை வைத்து எளியவர்களை ஏமாற்றிய காலம் உண்டு. திருவிதாங்கூர் சீமையில் தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது; பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. வரிக்கு மேல் வரி கட்டிவிட்டு, கிடைத்ததில் திருப்தியாக இரு என்பதே அன்று அவர்களுக்குச் சொல்லப்பட்ட நீதி. அய்யா வைகுண்டர் அந்த நீதியை ஏற்கவில்லை. மன்னரின் சிறையில் இருந்தபோதும் ஏற்கவில்லை. தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொல்லி, கண்ணாடிக்கு முன் நிமிர்ந்து நிற்க வைத்தார். சாமித்தோப்பு முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராட வைத்தார். ஆகவே, அடுத்தவன் நம்மைப் பார்த்துச் சொல்லும் 'போதும்' அடிமைத்தனம். நாமே அளவறிந்து சொல்லும் 'போதும்' மட்டுமே மனநிறைவு.

அந்த அளவை எப்படி அறிவது? நம் வானம் பார்த்த பூமியில் அதற்குப் பாடம் இருக்கிறது. திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் எதையாவது பாருங்கள். கரை உயரமாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய கலுங்கு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் அந்த மட்டம் வரை ஏறும். அதற்கு மேல் வருவது கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். இன்னும் ஒரு முழம் நிற்கட்டும் என்று கலுங்கை மண்மூட்டையால் அடைத்தால் என்ன ஆகும்? கரை உடையும். புதிதாக வந்த தண்ணீரோடு ஏற்கெனவே இருந்ததும் போகும். கீழே உள்ள வயலும் அழியும்.

இதில் இரண்டு நீதி உண்டு. வறண்ட கண்மாயிடம் போய் 'போதும்' என்று சொல்வது அறமாகாது. அது முதலில் நிறைய வேண்டும். பசித்தவனும் படிப்பில்லாதவனும் இன்னும் வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. ஆனால் நிறைந்த கண்மாய்க்குக் கலுங்கு வேண்டும். இன்று நாம் கரையைத்தான் உயர்த்துகிறோம். கலுங்கு கட்ட மறந்துவிட்டோம்.

இதே திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் வேங்கடராமன். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது. 1896 ஆகஸ்டில், 16 வயதில், மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். கல்லூரிச் சம்பளம் கட்ட அண்ணன் எடுத்துப் போகச் சொன்னது 5 ரூபாய். வழிச்செலவுக்கு 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். நாம் எல்லாரும் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நமது வழி இல்லறத்தோடு கூடியது. நான் கவனிப்பது அந்த 2 ரூபாயை. போக வேண்டிய இடம் எது என்று தெரிந்தவனுக்கு, எவ்வளவு தேவை என்பதும் தெரிந்துவிடுகிறது. போகும் இடம் தெரியாதவனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் பற்றாது.

அளவுக்கு மேல் வருவதை என்ன செய்வது? அருப்புக்கோட்டை, விருதுநகர் வியாபாரிகளிடம் மகமை என்ற வழக்கம் இருந்தது. செல்வந்தரான பிறகு கொடுப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சரக்கு கைமாறும்போதே உறவின்முறைப் பொதுவுக்குச் சிறு பங்கை எடுத்து வைத்தார்கள். அந்தச் சிறு துளிகளில்தான் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. உழைப்பை அவர்கள் குறைக்கவில்லை. உழைப்புக்கு ஒரு கலுங்கு வைத்தார்கள். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா காட்டிய வழியும் இதுவே.

அன்பர்களே, நம் பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. அதன் முன் நிற்கும்போது நாத்தனார் மகனோ, அடுத்த வீட்டுப் பையனோ நமக்குத் தெரிவதில்லை. நம் முகம்தான் தெரிகிறது. அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன், நகையை அடகு வைக்கும் முன், அந்தக் கண்ணாடி முன் நின்று ஒன்று கேட்டுக்கொள்வோம்: இது என் தேவைக்கா, பிறர் கண்ணுக்கா?

அடுத்த ஞாயிறு அந்தத் தாயாரைப் பார்த்தேன். இந்தக் கலுங்குக் கதையைச் சொல்லி, "நானும் நீயும் பேசி என்ன தாயி, மகளையே ஒரு வார்த்தை கேளு" என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார். சங்கிலி அன்று அவர் கழுத்தில்தான் இருந்தது.

அன்று இரவு நானும் என் மகனுக்குப் போன் செய்தேன். வேலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். அவன் வெகுநேரம் பேசினான்.

அய்யா உண்டு.