ஓலையைக் காட்டுக

ஒருவரைப் பற்றி எழுதப்பட்ட ஏட்டை அவர் கண்ணால் பார்க்கும் முன்பே அது அவரைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியைச் சைவ மரபு ஒரு வழக்காகவே நடத்திப் பார்த்திருக்கிறது. பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில், முதியவராக வரும் இறைவன் சுந்தரரைத் தம் வழியடிமை என்று உரைக்க, சுந்தரர் ஆளோலையை, அதாவது அடிமைச் சாசனத்தைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, நகல் மட்டுமே என்பதால் வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்ல, அவையோர் மூல ஓலையை வாங்கி, சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர். இறைவனே வாதியாக நின்றும் ஆவணத்தைச் சோதனைக்குக் கொடுத்தான் என்பதில்தான் இக்கதையின் அறம் அடங்கியிருக்கிறது.

இதே அறத்தை இன்றைய சட்டத்திலும் காணலாம். நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரில் வாழும் ஒருவர், பக்கத்து மனையில் எழும் கட்டடத்துக்கு நகராட்சி எவ்வடிப்படையில் அனுமதி தந்தது என அறிய விரும்பினால், 2006இல் இயற்றப்பட்டு 2009 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள பொது ஆவணச் சட்டத்தின்படி அக்கோப்பைக் கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மறுக்கும் அலுவலகம் எந்தச் சட்டப்பிரிவின்படி மறுக்கிறது என்று தெரிவிக்க வேண்டும், அதன்மேல் முறையீடும் உண்டு. ஆனால் அதே நாட்டில் எவருடைய வருமானத்தையும் வரியையும் காட்டும் வரிப்பட்டியலைத் தேடுபவர் தம் அடையாளத்தோடு உள்நுழைய வேண்டும்; 2014 முதல், தம்மைத் தேடியவர் யார் என்பதை வரி செலுத்துபவரும் காண முடிகிறது.

இவ்விரண்டும் முரண்போலத் தோன்றினும் ஒரே நீதியின் இரு பக்கங்களாகும். அதிகாரத்தைப் பார்ப்பவர் முகம் காட்ட வேண்டியதில்லை, ஏனெனில் அதிகாரம் அவரைத் தண்டிக்கக்கூடும். சக மனிதரைப் பார்ப்பவர் முகம் காட்டியாக வேண்டும், ஏனெனில் பார்க்கப்படுபவர் அவருக்கு நிகரானவர். யமனின் கணக்கனான சித்திரகுப்தன் எழுதும் கணக்கை எவரும் கேட்டுப் பார்ப்பதில்லை எனச் சிலர் மறுக்கலாம். எழுதுபவன் பிழையற்றவன் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது அக்கணக்கு. அந்த நம்பிக்கையை எந்த அலுவலக எழுத்தருக்கும் அளிப்பது பெரும் தவறு.

அத்தவறு எவ்வளவு பெரியது என்பதற்குத் துரொண்ட்ஹெய்ம் நகரமே சாட்சி. நாஜி ஆக்கிரமிப்பின்போது, 1942இன் தொடக்கத்தில், நோர்வேயின் யூதர்கள் தங்களைப் பற்றிய விவரப் படிவங்களை நிரப்பும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். அப்பதிவுகள் பின்னர் அவர்களைப் பிடித்து நாடு கடத்துவதற்குப் பயன்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் துரொண்ட்ஹெய்மின் பள்ளியொன்றில் கைது செய்யப்பட்ட 13 வயதுச் சிறுமி சிஸ்ஸி கிளைன், அடுத்த மார்ச்சில் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டாள். தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தடுக்கவோ திருத்தவோ கிழிக்கவோ அவளுக்கு ஓர் அவை இருக்கவில்லை.

அதே ஆக்கிரமிப்பாளர்கள் போர்க் கைதிகளின் கட்டாய உழைப்பையும் கொண்டு துறைமுகத்தருகே எழுப்பிய டோரா என்னும் நீர்மூழ்கிக் கப்பல் பதுங்குதளத்தில்தான் இன்று இப்பகுதியின் அரசு ஆவணக் காப்பகம் இயங்குகிறது. சில மீட்டர் தடித்த கற்காரைச் சுவர்களுக்குள் பழைய தேவாலயப் பதிவேடுகளும் நீதிமன்ற ஏடுகளும் வரிசையாக நிற்க, அங்கே வருபவர் தம் பாட்டனார் காலத்து எழுத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.