வீடு கொடுப்பதா, வீடு கட்ட விடுவதா?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது எம் முன்னோர் வாக்கு. வீடற்றவனுக்கு வீடு அமைத்துக் கொடுப்பது அறச்செயல் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் எத்தகைய வீட்டை, எவ்வழியிற் கொடுப்பது என்று கேட்கும்போதே சிக்கல் ஆரம்பமாகின்றது. இக்கேள்வி பொறியியலாளருக்கு மட்டுமே உரியது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் இருக்கவேண்டிய உறவு யாது என்ற ஒழுக்கவியல் வினாவும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

வடக்கு கிழக்கு மக்களுக்கு இது ஏட்டுச்சுரைக்காய் அன்று. 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்றபின் மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் கூரையற்ற சுவர்களையும், பல இடங்களில் வெறும் அத்திவாரத்தையுமே கண்டன. இந்திய உதவித் திட்டத்தின் கீழ் 2012ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான பயனாளிகள் தம் வீட்டைத் தாமே பொறுப்பேற்றுக் கட்டினர். புதிய வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டங்கட்டமாக அவர்களுடைய வங்கிக் கணக்கில் இடப்பட்டது. பின்னர் 2015, 2016ஆம் ஆண்டுகளில் வேறொரு யோசனை முன்வைக்கப்பட்டது. தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட உருக்குப் பாகங்களைக் கொணர்ந்து பொருத்தி 65,000 வீடுகளை அமைப்பது என்பதே அது. தளபாடங்கள் முதலியன உட்பட வீடொன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா எனப்பட்டது. அதே காலத்தில் கல்வீடு கட்ட அரசு வழங்கிய உதவித்தொகை 8 இலட்சம் ரூபா. ஓர் உருக்கு வீட்டின் செலவில் இரண்டு கல்வீடுகளுக்குமேல் கட்டியிருக்கலாம் என்பது எளிய கணக்கு. பலத்த எதிர்ப்பின் காரணமாக அத்திட்டம் முன்மொழியப்பட்டவாறு நிறைவேறவில்லை. எனினும் அது எழுப்பிய வினா இன்னும் உயிருடன் இருக்கின்றது.

முதலில் வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளது. சித்திரை நடுப்பகுதியிலும் ஆவணி இறுதியிலும் நண்பகற் சூரியன் எமது உச்சிக்கு நேராக நிற்கின்றது. ஆகவே வெயிலின் பெரும்பகுதியைத் தாங்குவது கூரையே. அதற்கு அடுத்தபடியாகக் காலை வெயில் கிழக்குச் சுவரையும், மாலை வெயில் மேற்குச் சுவரையும் தாக்குகின்றது. மெல்லிய உலோகத் தகடு தான் பெற்ற வெப்பத்தை உடனே உள்ளே கடத்திவிடும். அதைத் தடுக்க வெப்பங்காப்புப் பொருள் வேண்டும்; இல்லையேல் மின்விசிறி இடையறாது சுழலவேண்டும். இரண்டுக்கும் பணம் கொடுக்கவேண்டியவர் யார்? வீட்டைக் கொடுத்தவர் அல்லர், வீட்டில் வாழ்பவரே.

இதற்கு மாற்றுவழி புதுமையானதோ விலையுயர்ந்ததோ அன்று. வீட்டின் நீளப்பக்கத்தைக் கிழக்கு மேற்காக வைத்தாற் பெரிய சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கும். அவற்றுக்குத் தாழ்வாரமே போதிய நிழலைத் தரும். மேற்குப் பக்கத்தில் விறாந்தையோ மரமோ இருத்தல் நன்று. சோளகமும் வாடையும் ஊடறுத்துச் செல்லும்படி யன்னல்களை எதிரெதிரே அமைத்து, முகட்டின் கீழே சூடான காற்று வெளியேற வழிவிட்டால், பகலிலும் உள்ளே இருக்கமுடியும். ஓட்டுக்கூரையும் முற்றிய பனைமரத்திலிருந்து அறுத்த வளையும் சிலாகையும் எமது தச்சருக்குப் புதியவை அல்ல. நடுவே முற்றம் வைத்த நாற்சார் வீட்டை அமைத்த எம்மவர், கல்லூரிக்குச் சென்று இவற்றைக் கற்றவர்கள் அல்லர்.

சுவரைப் பற்றியும் சிந்திக்கலாம். தகுந்த மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை சீமெந்து கலந்து, கைப்பொறியில் அழுத்தி, நீர் தெளித்துப் பதப்படுத்தினால் உறுதியான மண்கல் கிடைக்கும். இதைச் சூளையிற் சுடவேண்டியதில்லை; ஆதலால் விறகும் வேண்டியதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் இத்தகைய மண்சுவர்களை ஆராய்ந்துள்ளனர். எல்லா மண்ணும் இதற்கு ஏற்றதன்று என்பதையும், மழைநீர் படாதபடி உயர்ந்த அத்திவாரமும் அகன்ற தாழ்வாரமும் இதற்கு வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இங்கிலாந்திற் பிறந்து, 1945ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, கேரளத்தில் வாழ்ந்து 2007ஆம் ஆண்டு காலமான கட்டடக் கலைஞர் லாறி பேக்கரின் பணி இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டு அவர் சுவர் கட்டுவித்தார். இதனாற் கல்லின் செலவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது; இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுத்தது. பூச்சுவேலை வீண் என்று கருதி அதனைத் தவிர்த்தார். ஐந்து மைல் சுற்றாடலிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைத் தமக்கு வழிகாட்டியாக அவர் எடுத்துரைத்து வந்தார். இக்கருத்தில் அறமும் பொருளாதாரமும் ஒன்றுபடுகின்றன. உள்ளூர்ப் பொருளினாற் கட்டினால் மேசனுக்கும் தச்சருக்கும் கல்லறுப்பவருக்கும் கூலி கிடைக்கின்றது. வீட்டுக்கெனச் செலவிடப்படும் பணம் ஊருக்குள்ளேயே சுற்றிவருகின்றது. பத்து ஆண்டுகளின் பின்னர் சுவர் வெடித்தாலும் அதைத் திருத்தத் தெரிந்தவர் அயலிலேயே இருப்பார். கடலோரத்து உப்புக்காற்றில் உருக்குப் பாகம் துருப்பிடித்தால், அதற்கு மாற்றுப்பாகம் தேடி எங்கே செல்வது?

ஆயினும் மறுபக்கத்தையும் நேர்மையுடன் நோக்கவேண்டும். கணவனை இழந்து, பிள்ளைகளுடன் தகரக்கொட்டிலில் மாரியைக் கழிக்கும் தாயிடம் சென்று, "உமது வீட்டை நீரே கட்டும்" என்று கூறுவது அன்பாகுமா? மேசனைத் தேடவும், மணல் ஏற்றவும், கணக்குப் பார்க்கவும் அவருக்கு யார் துணை? மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்பவருக்கு அவர் இணங்கினால், அவரைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. காலந்தாழ்த்துவதும் ஓர் அநீதியே. இதற்கு விடை, அவருக்கு வேண்டிய கைகளை நாம் கொடுப்பதாகும். ஊர்ச்சங்கமும் அயலவரும் பொருள் வாங்குவதையும் வேலையை மேற்பார்ப்பதையும் பொறுப்பேற்கட்டும். குசினி எப்பக்கம், வாசல் எப்பக்கம் என்ற தீர்மானம் அத்தாயிடமே இருக்கட்டும். உழைப்பை இரவல் கொடுக்கலாம். தீர்மானிக்கும் உரிமையைப் பறிக்கலாகாது.

எம்மவரிடமும் குறையுண்டு. உதவிப்பணத்திற்கு அளவாகக் கட்டாமல், அயலவன் வீட்டைவிடப் பெரிதாக அத்திவாரம் போட்டுக் கடனில் மூழ்கிய குடும்பங்கள் பல. மண்கல் என்றால் ஏழைக்கு உரியது, பூசாத சுவர் என்றால் மானக்கேடு என்ற எண்ணம் இன்னும் எம்மிடையே இருக்கின்றது. வெளிநாட்டுப் பணத்தில் மாடி எழுப்புவோர் அடைத்த கண்ணாடி யன்னலும் குளிரூட்டியும் வைத்து, அதுவே நல்ல வீட்டுக்கு இலக்கணம் என்று ஏழைக்குக் கற்பிக்கின்றனர். வசதியுள்ளவன் மண்கல்லாற் கட்டி அதில் மகிழ்ச்சியுடன் வாழும் நாளிலேதான் ஏழையும் வெட்கமின்றி அதில் வாழ்வான். ஆகவே சிக்கனமான வீட்டை முதலிற் கட்டவேண்டியவர்கள் வசதியுள்ளவர்களே.

ஓர் அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை ஆகியவற்றுடன் தொடங்கி, பிள்ளைகள் வளர வளர்ந்து செல்லும் வீடே குடும்பத்துக்கு ஏற்ற வீடாகும். அடுத்த முறை வீடமைப்புத் திட்டம் ஒன்று எமது கிராமத்துக்கு வரும்போது, "எத்தனை வீடு தருவீர்கள்?" என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. "இதில் வாழப்போகிறவரிடம் கேட்டீர்களா? இதை எமது மேசன் திருத்துவாரா? மின்விசிறியின்றி இதில் ஒரு குழந்தை உறங்குமா?" என்ற மூன்று கேள்விகளையும் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்போமாக.